செய்தி, தொடர், ஆட்டம்

நாங்கள் இருவர் சேர்ந்து எழுதும் கட்டுரை இது. ஒருவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருப்பவர். மற்றவர் சிதம்பரம் வடக்கு வீதிக்காரர். மாதம் இருமுறையேனும் யாராவது ஒருவர் பேருந்தேறி மற்றவர் ஊருக்குப் போய்விடுவது நெடுநாள் வழக்கம். சந்தித்தால் முதலில் புத்தகம் பேசுவோம். காப்பி ஆறுவதற்குள் பேச்சு தொலைக்காட்சிக்குத் தாவிவிடும். ஒருவருக்குச் செய்தியும் விவாதமும் உயிர். மற்றவர் கிரிக்கெட் விட்டால் நெடுந்தொடர், நெடுந்தொடர் விட்டால் கிரிக்கெட் என்று இருப்பவர். இருவருக்கும் பொதுவான கருத்து என்று ஒன்றும் இதுவரை அமைந்ததில்லை. அண்மையில் ஒன்று அமைந்துவிட்டது. அதைப் பதிவு செய்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியம் பேசும் இடத்தில் தொலைக்காட்சிக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். புதுமைப்பித்தன் பிறந்தது எங்கள் திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் பிறந்தது எங்கள் மஞ்சக்குப்பத்தில். இருவரும் கண்ணெதிரே தெருவில் நடந்ததைப் பார்த்து எழுதியவர்கள். இன்று மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் தெருவில் நடப்பதற்கு எதுவுமில்லை. எல்லாம் வீட்டுக்குள் பெட்டியில் நடக்கிறது. ஆகவே பெட்டியைப் பார்த்து எழுதுகிறோம்.

செய்தி

கடலூர் மாவட்டம் செய்தித் தொலைக்காட்சிகளில் எப்போதெல்லாம் வந்தது என்று ஒருநாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். 2004 டிசம்பர் 26, ஆழிப்பேரலை; தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம் என்று கடலோர ஊர்ப் பெயர்கள் எல்லாம் உலகத்துக்குத் தெரிந்தன. மாவட்டத்தில் மாண்டவர்கள் 600க்கும் மேல். 2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2015 நவம்பர், பெருவெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கம், ஃபெஞ்சல் புயலின் பின்விளைவாகத் தென்பெண்ணை கரைமீறிக் கடலூரின் நகர்ப்பகுதிக்குள் புகுந்தது. ஒவ்வொரு முறையும் முழங்கால் நீரில் ஒரு செய்தியாளர் ஒலிவாங்கியோடு நின்றார். நீர் வடிந்தது, அவரும் வடிந்துவிட்டார்.

வெள்ளம் வந்தால் காட்டத்தான் வேண்டும். காட்டியதால்தான் நிவாரணம் வந்தது என்பதையும் நாங்கள் மறுக்கவில்லை. எங்கள் ஆதங்கம் வேறு. வடிந்த பிறகு என்ன ஆயிற்று என்று கேட்க ஒருவரும் வருவதில்லை. சாய்ந்த பலாவுக்கு மாற்றாக நட்ட கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் அக்குடும்பம் எதைத் தின்றது என்பது செய்தி இல்லையா?

விவாத மேடைகளின் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. 2025 ஜூலை 8 காலை, கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது பயணிகள் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். எங்கள் ஊரே அன்று உறைந்துபோயிருந்தது. மாலையில் பெட்டியைப் போட்டால் கேட் காவலர் தூங்கினாரா, அவருக்குத் தமிழ் தெரியுமா தெரியாதா என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம் அவை. ஆனால் அடிப்படையான கேள்வி ஒன்று அந்த இரைச்சலில் அமுங்கிப்போயிற்று. அந்தக் கேட் ‘இன்டர்லாக்கிங்’ வசதி இல்லாத ஒன்று. அவ்வசதி உள்ள கேட்டில், கேட் மூடினாலொழிய ரயிலுக்குப் பச்சை விளக்கு விழாது. மனிதர் மறந்தாலும் இயந்திரம் ரயிலை நிறுத்திவைக்கும். இல்லாத கேட்டில் நிலைய அதிகாரி தொலைபேசியில் கேட்பார்; காவலர் ‘மூடிவிட்டேன்’ என்று சொல்லி அதற்கு அடையாளமாக ஓர் எண்ணைத் தருவார்; அந்த வாய்ச்சொல்லை நம்பி ரயில் வரும். குழந்தைகளின் உயிர் ஒரு வாய்ச்சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் செய்தி. இதை எளிய தமிழில் ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால், தமிழகம் முழுவதும் தத்தம் ஊர்க் கேட் எப்படிப்பட்டது என்று மக்கள் மறுநாளே போய் விசாரித்திருப்பார்கள். அடுத்த சில நாள்களில் ரயில்வே நிர்வாகம் கேட்டுகளில் கேமரா பொருத்தவும் இன்டர்லாக்கிங்கை விரிவுபடுத்தவும் உத்தரவிட்டது. அதற்குள் விவாத மேடை வேறு சண்டைக்குப் போய்விட்டது.

சிதம்பரத்தின் கதையும் இதேதான். நடராசர் கோயிலில் கனகசபை மீதேறி வழிபடலாமா கூடாதா என்ற பிரச்சினை வரும்போது மட்டும் எங்கள் நான்கு வீதிகளும் திரையில் தெரியும். 2022 மே மாதம் அரசாணை வந்தபோதும் 2023 ஆனித் திருமஞ்சனத்தின்போதும் அப்படித்தான். அப்பிரச்சினையில் எங்கள் இருவருக்கும் இரண்டு கருத்து. இங்கே அதைத் தொடவில்லை. நாங்கள் சொல்ல வருவது வேறு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு ஏற்ற பிறகு, தேவைக்கு மேல் இருப்பதாகக் கணக்கிடப்பட்ட ஊழியர்கள் தமிழகமெங்கும் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். நிதி நெருக்கடிக்கு அது ஒரு தீர்வாக இருந்திருக்கலாம். ஆனால் சிதம்பரத்தில் வீடு, பிள்ளைகளின் பள்ளி, வயதான பெற்றோர் எல்லாம் இருக்க, குடும்பத் தலைவரோ தலைவியோ மட்டும் வேறொரு மாவட்டத்தில் வாடகை அறையில் என்று எத்தனை குடும்பங்கள் பிரிந்து வாழ்ந்தன! எங்கள் தெருவிலேயே ஞாயிறு இரவுதோறும் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம் போனவர்களைப் பார்த்திருக்கிறோம். கத்துவதற்கு அங்கே எதிரெதிர்க் கட்சிகள் இல்லை. ஆகவே அது விவாதப் பொருளாகவில்லை.

தொடர்

நெடுந்தொடர் பார்ப்பவர்களை இளப்பமாகப் பேசுவது படித்தவர்களின் பழைய பொழுதுபோக்கு. அந்தக் கூட்டத்தில் நாங்கள் இல்லை. ‘சித்தி’ ஓடிய காலத்தில் இரவு ஒன்பதரைக்குத் தெருவே அடங்கியதையும், ‘மெட்டி ஒலி’க்காகக் கல்யாண வீட்டிலேயே பெட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடியதையும், 2003 முதல் 2009 வரை ‘கோலங்கள்’ அபிக்காக அத்தைமார்கள் கவலைப்பட்டதையும் பார்த்தவர்கள் நாங்கள். நாள் முழுதும் மீன் விற்றோ, பள்ளியில் பாடம் நடத்தியோ, அடுப்படியிலோ உழைத்த பெண் அரைமணி நேரம் உட்கார்ந்து தன்னைப் போன்ற ஒருத்தியின் கதையைப் பார்க்கிறாள். அதில் ஏளனத்துக்கு என்ன இருக்கிறது?

‘எதிர்நீச்சல்’ தொடரை எடுத்துக்கொள்ளலாம். 2022இல் தொடங்கி 2024 ஜூன் வரை ஓடியது; பிறகு இரண்டாம் பாகமும் வந்தது. ‘கோலங்கள்’ எடுத்த திருச்செல்வம்தான் இதற்கும் இயக்குநர். படித்த நான்கு மருமகள்கள், அவர்களை வீட்டுக்குள் அடைத்து வைக்கும் ஆதி குணசேகரன். அந்தப் பாத்திரத்தில் நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று, தொடருக்குப் பின்னணிக் குரல் கொடுக்கப் போன இடத்தில், மாரடைப்பால் காலமானார். அன்று சிதம்பரத்துக் கடைவீதியில் காய்கறிக்காரம்மாள் ஒருவர் அவரைத் திட்டியதற்காக வருத்தப்பட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதாபாத்திரத்தைத் திட்டியவர், நடிகருக்காக அழுதார். ஒரு கலை மக்களிடம் போய்ச் சேர்ந்திருப்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

எங்கள் குறை அந்தக் கலையின் மீதன்று. அதன் ஓட்டத்தின் மீது. வாரத்துக்கு ஐந்து நாள் ஓடிய தொடர்கள் ஆறு நாளாயின. அரைமணி நேரத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது இருபத்திரண்டு நிமிடம் அளவில். அதையும் நிரப்பக் கதை போதாது. ஆகவே ஒருவர் ஒரு சொல் சொன்னதும், கேட்ட ஏழு பேரின் முகத்தையும் தனித்தனியாக மூன்று முறை காட்டுகிறார்கள், இடி முழங்குகிறது. தீர்வு வந்தால் தொடர் முடிந்துவிடும். தொடர் முடிந்தால் அந்த நேரத்துக்கான விளம்பர வருவாய் ஆட்டம் காணும். எனவே நாயகி வெல்லவே கூடாது. வெல்வதற்கு ஒரு நாள் முன்னால் அவள் மறுபடியும் விழ வேண்டும். இது எழுத்தாளரின் வக்கிரம் அன்று. வாரந்தோறும் வரும் பார்வையாளர் புள்ளிக் கணக்கு அவர் கையைப் பிடித்து எழுதுகிறது.

விளைவு என்ன? இருபது ஆண்டுகளாக எங்கள் பெண்பிள்ளைகள் மாலைதோறும் ஒரு பாடம் படிக்கிறார்கள்: பெண்ணின் ஆற்றல் என்பது தாங்குவது. எவ்வளவு தாங்குகிறாளோ அவ்வளவு உயர்ந்தவள். அவள் போர்க்களம் கூடம். அவள் எதிரி இன்னொரு பெண். அவள் வெற்றி, புகுந்த வீட்டார் ஒருநாள் மனம் திருந்துவது.

எங்கள் மாவட்டத்துப் பெண்கள் உண்மையில் அப்படி இருந்ததில்லை. கடலூர் முதுநகரில் 1890இல் பிறந்த அஞ்சலை அம்மாள், 1927இல் சென்னையில் நீலன் சிலையை அகற்றக் கோரிய சத்தியாக்கிரகத்தில், ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் உடன் அழைத்துப் போய்ச் சிறை புகுந்தவர். அந்தச் சிறுமியைக் காந்தி தம்முடைய ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்று லீலாவதி என்று பெயரிட்டார். ஆயிரம் அத்தியாயத்துக்குக் குறையாத வாழ்க்கை! பக்கத்தில் பாருங்கள்: 1993இல் எங்கள் மாவட்டத்தின் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராசாக்கண்ணு காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பவில்லை. எழுத்தறியாத அவர் மனைவி உயர்நீதிமன்றம் வரை போனார், சமரசத்துக்கு இணங்கவில்லை. ‘ஜெய் பீம்’ என்று 2021இல் அது திரைப்படமாக வந்தபோது, உள்ளூர் இளைஞர்கள் பலர் இது நம் ஊர்க் கதையா என்று வியந்தார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் பக்கத்திலேயே இருந்த கதை. அழுத பெண்தான் அவரும். ஆனால் கூடத்தில் உட்கார்ந்து அழவில்லை.

ஆட்டம்

கிரிக்கெட்டைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று என்ற ஒரே எண் போதும், எது ஏன் காட்டப்படுகிறது என்பதை விளக்க. ஆனால் ஒரு நல்ல மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்திய மகளிர் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியபோது, ஆண்கள் ஆட்டத்துக்கு உட்காருவதைப் போலவே வீடுகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். காட்டினால் பார்ப்பார்கள் என்பதற்கு அந்த இரவே சான்று. ‘பெண்கள் ஆட்டத்தை யார் பார்க்கப் போகிறார்கள்’ என்ற பழைய பல்லவிக்கு அன்றோடு முற்றுப்புள்ளி விழுந்திருக்க வேண்டும்.

அதே மைதானத்தில், 2022 ஜனவரி 20 அன்று இன்னோர் இந்திய மகளிர் அணி ஆடியது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஆசியக் கோப்பைக் கால்பந்து, எதிரணி ஈரான், கோலின்றிச் சமநிலை. அடுத்த ஆட்டத்துக்குள் அணியில் கொரோனா பரவி, களமிறக்கப் போதிய ஆட்டக்காரர்கள் இல்லாமல் இந்தியா போட்டியிலிருந்தே வெளியேற நேர்ந்தது. சொந்த மண்ணில், வாழ்நாள் வாய்ப்பு. அந்த அணியில் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இருந்தார். கடலூரில் பயிற்சி பெற்று வளர்ந்த சந்தியா ரங்கநாதனும் இருந்தார். தொடர்களில் இடி முழங்க அழும் காட்சிகள் ஆயிரம் பார்த்திருக்கிறோம். இவர்கள் அன்று எப்படி அழுதார்கள் என்று எந்தக் கேமராவும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டவில்லை.

கடலூருக்கும் பெண்கள் கால்பந்துக்கும் உள்ள உறவு வெளியூர் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆழிப்பேரலைக்குப் பிந்திய ஆண்டுகளில், மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளும் விடுதிப் பிள்ளைகளும் காலையும் மாலையும் மைதானத்துக்கு வரத் தொடங்கினார்கள். பயிற்சியாளர் மாரியப்பன் அவர்களை ஓடவிட்டார். இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி என்ற பெயரில் வளர்ந்த அந்த அணி, 2018இல் ஷில்லாங்கில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதிச் சுற்றில் நாட்டின் முன்னணி அணிகளோடு மோதும் அளவுக்கு உயர்ந்தது. அதே 2018இல் கட்டக்கில், மகளிர் கால்பந்தில் தனிக்காட்டு ராஜாவாக இருந்த மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாகத் தேசியப் பட்டம் வென்றது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மீண்டும் பட்டம். 2019இல் நேபாளத்தின் விராட்நகரில் இந்தியா தெற்காசியப் பட்டம் வென்றபோது அதிக கோல் அடித்தவர்களின் முன்வரிசையில் நின்றவர் இந்துமதி. அவர் தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளரும்கூட; 2020 ஊரடங்கின்போது சென்னைத் தெருவில் முகக்கவசத்தோடு பணியில் நின்றார்.

கட்டக் வெற்றியை மறுநாள் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு மூலையில் படித்துத்தான் நாங்கள் அறிந்தோம். அடுத்த ஆண்டு, 2019 தீபாவளிக்கு ‘பிகில்’ வந்தது. தமிழ்நாட்டு மகளிர் அணி தேசியப் பட்டம் வெல்லும் கதை. அரங்கம் அதிர்ந்தது, நாங்களும் விசிலடித்தோம். ஆனால் அது பயிற்சியாளராக வரும் கதாநாயகரின் படம். பெண்கள் கோல் அடித்தால் கேமரா அவர் முகத்துக்குத் திரும்புகிறது. உண்மையாக வென்ற பெண்கள் எங்கள் ஊர்ப் பேருந்தில் நின்றுகொண்டு பயணம் செய்தபோது எழுந்து இடம் கொடுக்க யாருக்கும் தோன்றியிருக்காது. யாரென்று தெரிந்தால்தானே?

இந்த இடத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி. முதுநகரில் எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் பெண் நன்றாகப் பந்தாடுகிறாள். மாவட்ட அணித் தேர்வுக்குப் போக வேண்டும் என்றாள். தந்தைக்கு அரைமனம், பாட்டிக்கு முழு மறுப்பு. எங்களைப் பேசிப் பார்க்கச் சொன்னார்கள். இந்துமதியைப் பற்றிச் சொன்னோம். காவல்துறை வேலையைச் சொன்னோம். செய்தித்தாளில் வந்த படத்தையும் காட்டினோம். பாட்டி படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏன் தம்பி, நீங்க சொல்றதெல்லாம் சரி. வூட்ல காலைலேருந்து ராத்திரி வரைக்கும் டிவி ஓடுது. அதுல ஒருநாளாவது இந்தப் பொண்ணுங்கள காட்டியிருக்கானா?”

எங்களிடம் பதில் இல்லை. அந்த அம்மையாரின் கேள்வியில் பழமைவாதம் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. இருபது ஆண்டுகளாக உலகம் அவர் வீட்டுக்கு ஒரே ஒரு வழியாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. அவ்வழியே வராத ஒன்றை அவர் எப்படி நம்புவார்? அவ்வழியே வருவதோ, பந்தாடி வேலை வாங்கிய பெண்ணன்று. கூடத்தில் நின்று அழும் பெண். பத்தாம் வகுப்பு வரை ஆடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தந்தை ஒரு தவணை கொடுத்திருக்கிறார். அந்தத் தவணைக்குள் பாட்டியின் கேள்விக்கு விடை வர வேண்டும்.

எங்கள் பொதுக் கருத்து

செய்தி, தொடர், ஆட்டம் என்று தனித்தனியே சண்டையிட்டவர்கள் வந்துசேர்ந்த இடம் இதுதான். மூன்றிலும் நோய் ஒன்றே. கடலூர் மாவட்டம் திரையில் தெரிய வேண்டுமானால் யாராவது சாக வேண்டும், அழ வேண்டும், அல்லது கத்த வேண்டும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்க விரிவாக்கத்துக்காக விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியபோது நாடே பார்த்தது. அந்தப் பயிரை நட்டுக் களையெடுத்த மாதங்களை எவரும் பார்க்கவில்லை. எங்கள் மாவட்டத்து மண்ணைத் தோண்டி எடுத்த நிலக்கரியில் விளைந்த மின்சாரத்தில்தான் இந்தப் பெட்டிகளில் ஒரு பகுதியேனும் ஓடுகிறது என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு நம்மைப் போன்றோர் எழுதுவதால் ஒன்றும் ஆகிவிடாது என்பது தெரியும். ஆயினும் மூன்று சிறு காரியங்கள் இயலும் என்று நம்புகிறோம். ஒன்று, உள்ளூர் கேபிள் நடத்துவோர் திருவிழாவையும் கல்யாணத்தையும் நேரலையில் காட்டுகிறார்கள். மாவட்ட மகளிர் ஆட்டங்களையும் அப்படிக் காட்டலாம், அதற்கு ஒரு கேமராவே போதும். இரண்டு, பள்ளி ஆண்டு விழாவுக்குச் சின்னத்திரை நட்சத்திரத்தை அழைக்கும் நிர்வாகங்கள் ஓராண்டு ஒரு கால்பந்து வீராங்கனையை அழைக்கலாம், செலவும் குறைவு. மூன்று, மாலையில் அரைமணி நேரம் பெட்டியை அணைத்துவிட்டு நாமே போய்ப் பார்க்கலாம்.

மூன்றாவதை நாங்கள் தொடங்கிவிட்டோம். மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கத்தில் பிள்ளைகள் ஆடும் நாள்களில் சிதம்பரத்துக்காரரும் வந்துவிடுகிறார். வாசகர்களில் கடலூர்ப் பக்கத்தார் யாரேனும் இருந்தால் வாருங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, விளம்பர இடைவேளை இல்லை. ஒருவர் முகத்தை மூன்று முறை காட்டுவதும் இல்லை. அடுத்த வாரம் அந்தப் பாட்டியையும் அழைத்துவர அவர் மகன் ஒப்புக்கொண்டிருக்கிறார். உட்கார ஒரு நாற்காலி மட்டும் கொண்டுவர வேண்டுமாம்.